மணலில் புதைத்த மூங்கில்

ஆர்மோனியத்தின் ஒரு கட்டை ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. ஐப்பசி மாதத்து ஞாயிறு, காலைப் பூசை. காணிக்கைப் பாட்டு முடிந்து பாடகர் குழு உட்கார்ந்துவிட்டது. உபதேசியார் கட்டைகளிலிருந்து கையை எடுத்துவிட்டார். துருத்தியில் மிச்சமிருந்த காற்று தீரும்வரை ஒரே ஒரு சுரம் மட்டும் 'ஈ...' என்று அழுதுகொண்டே இருந்தது. பூசை முடிந்ததும் அவர் பெட்டியின் மேல்பலகையைக் கழற்றினார். நாங்கள் பொடிசுகள் சுற்றி நின்றோம். கட்டைக்குக் கீழே, தோல் ஒட்டிய சின்ன மூடிக்கும் அது மூட வேண்டிய துவாரத்துக்கும் நடுவில் ஒரு ஈசல் நசுங்கிக் கிடந்தது. முந்தின இரவு விளக்கைத் தேடி வந்தது, வழிதவறி உள்ளே போயிருக்க வேண்டும். உபதேசியார் ஒரு துடைப்பக் குச்சியை முறித்து, அதன் நுனியால் ஈசலை மெல்ல எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

“இம்புட்டுக்குத்தான்டா அம்புட்டுச் சத்தம்” என்றார்.

தேவாலயங்களின் பெரிய குழல் ஆர்கன்களைப் பழுதுபார்ப்பவர்களும் இந்த மாதிரி ஈசலைத்தான் தேடுகிறார்கள் என்று பல வருடம் கழித்துப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஈசல் இல்லாவிட்டால் ஒரு மரத்தூள், ஒரு சுண்ணாம்புப் பொருக்கு, செத்த பூச்சியின் கால். மாடிவீட்டு உயரத்துக்கு அலமாரி, உள்ளே ஏணி வைத்து ஏறி நடக்கும் அளவுக்கு இடம், ஆயிரக்கணக்கான குழல்கள். இவ்வளவு பெரிய உடம்புக்குள் அவர்கள் எதைக் காப்பாற்றுகிறார்கள் என்று கேட்டால் பதில் விநோதமாக இருக்கும்: வெற்றிடத்தை. குழலுக்குள் நிற்கும் ஒன்றுமில்லாமையை. மரத்தையும் தோலையும் உலோகத்தையும் அவர்கள் தொடுவதெல்லாம் அந்த ஒன்றுமில்லாமைக்குள் காற்று ஒழுங்காகப் போய்வர வேண்டும் என்பதற்காகத்தான்.

இந்த வேலையைப் படைப்பின் பக்கமிருந்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குத் தோதான கோவில் ஒன்று பிலிப்பைன்ஸ் நாட்டில் இருக்கிறது. மணிலாவை ஒட்டிய லாஸ் பின்யாஸ் நகரில் புனித சூசையப்பர் கோவில். அங்குள்ள ஆர்கனில் மொத்தம் 1,031 குழல்கள். அவற்றில் 902 மூங்கில்.

மூங்கிலை மரம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது புல். நெல்லுக்கும் கரும்புக்கும் அறுகுக்கும் சொந்தக்காரன். மண்ணைப் பிளந்துகொண்டு குருத்து வெளியே வரும்போதே, கடைசிவரை எவ்வளவு தடிமன் இருக்கப்போகிறதோ அவ்வளவு தடிமனோடு வருகிறது. ஆலும் வேம்பும் வருடந்தோறும் பருக்கும். மூங்கில் உயரும், பருக்காது. கணுக்கள் எல்லாம் குருத்துக்குள்ளேயே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் ஏரியலை இழுத்தால் நீளுமே, அதுபோல இடைவெளிகள் நீண்டுகொண்டே போகின்றன. சில வகைகள் ஒரே நாளில் 91 செ.மீ. வரை வளர்ந்ததாகப் பதிவு உண்டு. மூன்று நான்கு மாதத்தில் முழு உயரம் வந்துவிடும். அதன்பிறகு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வெளியே ஒன்றும் நடப்பதாகத் தெரியாது. சுவர் மட்டும் மெல்ல முற்றிக்கொண்டிருக்கும்.

அந்தச் சுவரைக் குறுக்கே சீவி, உப்புத்தாளால் தேய்த்து, பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். நார்க்கட்டுகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். உட்புறத்தில் புள்ளிகள் பெரிதாக, ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கும். வெளிப்புறம் போகப் போகச் சிறுத்து நெருங்கும். தோலை ஒட்டிய இடத்தில் புள்ளிகளைப் பிரித்து எண்ண முடியாது, கருங்கோடு போலாகிவிடும். காற்று மூங்கிலை வளைக்கும்போது இழுவிசை அதிகம் விழுவது வெளி விளிம்பில். நாரும் அங்கேதான் கூடி நிற்கிறது. நடு அச்சில் விசை ஏறக்குறைய இல்லை. அங்கே படைத்தவர் எதையும் வைக்கவேயில்லை. கணக்குப் போட்டு இரும்புக் குழாய் வடிக்கிற பொறியாளர் தாள் தாளாகக் கிழித்துப்போட்டு இந்த முடிவுக்குத்தான் வந்து சேருவார். மேல்தோலில் சிலிக்காவும் இருக்கிறது. மூங்கில் வெட்டுகிறவர்கள் அடிக்கடி அரிவாளைச் சாணை பிடிக்க வேண்டியிருப்பது அதனால்தான்.

இந்தக் கூட்டுக்குள் காற்று புகுந்தால் பாட்டு வரும் என்பதை மனிதன் கண்டுபிடித்ததாக நான் நினைக்கவில்லை. அவன் கேட்டான், அவ்வளவுதான். அகநானூற்றின் 82ஆம் பாட்டில் கபிலர் ஒரு மலைச்சாரலைக் காட்டுகிறார். ஆடும் மூங்கிலில் வண்டு துளைத்த ஓட்டை, அதில் மேல்காற்று நுழைகிறது, குழலோசை எழுகிறது. அருவி முழவு வாசிக்கிறது, மயில் ஆடுகிறது, மந்திகள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அந்தக் கச்சேரியில் மனிதன் எவனும் இல்லை. புல், பூச்சி, காற்று ஆகிய மூன்றே போதுமாக இருந்திருக்கிறது.

லாஸ் பின்யாஸ் கதையிலும் இதே மூன்றும் வருகின்றன. ஆனால் இங்கே பூச்சி எதிரி.

தியேகோ செரா 1762இல் ஸ்பெயினின் அரகோன் பகுதியில், கிராவுஸ் என்ற ஊரில் பிறந்தவர். அகுஸ்தீனார் சபையின் ரெக்கொலெத்து பிரிவைச் சேர்ந்த துறவி. 18ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் லாஸ் பின்யாசுக்குப் பங்குத்தந்தையாக வந்து சேர்ந்தார். மீன்பிடியையும் உப்பளத்தையும் நம்பி இருந்த ஏழை ஊர். வந்தவரோ கட்டடம் கட்டத் தெரிந்தவர், வேதியியல் தெரிந்தவர், ஆர்கன் செய்யவும் வாசிக்கவும் தெரிந்தவர். அப்படி ஒரு சாமியார் ஓர் ஊருக்கு அமைந்துவிட்டால் ஊரார் பாடு கொண்டாட்டம்தான், கொஞ்சம் திண்டாட்டமும்தான். கல்லால் கோவில் எழுப்பும் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 1816இல், ஆர்கன் வேலையையும் தொடங்கிவிட்டார்.

ஐரோப்பாவில் ஆர்கன் குழல் என்றால் வெள்ளீயமும் ஈயமும் கலந்து வார்த்த தகடு, அல்லது ஓக், பைன் பலகை. செராவின் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது மூங்கில். துளை போட வேண்டியதில்லை, துளையோடுதான் பிறந்திருக்கிறது. விதவிதமான பருமனில் கிடைக்கிறது. எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. வெட்டிய மூங்கிலின் சுவருக்குள் மாவுச்சத்து இருக்கிறது. அதற்கென்றே ஒரு வண்டு இருக்கிறது. மூன்று மில்லிமீட்டர் நீளம்தான். மூங்கிலுக்குள் போய்விட்டால் தின்றுகொண்டே சுரங்கம் தோண்டும். காலையில் பார்த்தால் மூங்கிலின் கீழே கோலமாவு கொட்டியதுபோல மெல்லிய தூள் குவிந்திருக்கும். மூங்கில் உளுத்துவிட்டது என்பார்கள். உளுத்த மூங்கிலில் பந்தல்கூட நிற்காது. குழலுக்கு எங்கே போவது? குண்டூசி அளவு ஓட்டை ஒன்று போதும், காற்று அந்த வழியாகப் போய்விடும்.

நம் ஊர்ப் பக்கம் தேய்பிறையில் வெட்டு என்பார்கள். வெட்டியதைக் குளத்தில் ஊறப்போடுவார்கள். ஊற ஊற மாவுச்சத்து புளித்தும் கரைந்தும் வெளியேறும். சாப்பாடு இல்லாத வீட்டுக்கு வண்டு வராது. செரா வெட்டிய மூங்கிலைக் கடற்கரை மணலில் புதைத்தார். சுமார் ஆறு மாதம் அப்படியே கிடந்தது. தோண்டி எடுத்தபோது எந்த மூங்கில் கெடாமல் இருந்ததோ அதை மட்டும் குழலுக்கு எடுத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் நிற்க வேண்டும் போலிருக்கிறது. மூங்கிலை அவர் தன் விருப்பத்துக்கு வளைக்கவில்லை. உப்பிடமும் மணலிடமும் பூச்சியிடமும் ஒப்படைத்துவிட்டுக் காத்திருந்தார். அவை மூன்றும் வேண்டாமென்று விட்டுவைத்ததைப் பாட்டுக்கு எடுத்துக்கொண்டார். புதைத்ததும் தோண்டியதும் என்றவுடன் கிறிஸ்தவ வாசகர்களுக்கு வேறொரு கல்லறை நினைவுக்கு வரும், சாமியாருக்கும் வந்திருக்கலாம். அதை நான் நீட்டப்போவதில்லை. உப்பளத்துக்காரர்களின் ஊரில் உப்பு மணலுக்கு என்ன செய்யத் தெரியும் என்று கவனித்து வைத்திருந்தாரே, எனக்கு அதுவே போதுமான அதிசயமாக இருக்கிறது.

1821இல் ஆர்கன் வாசிக்கும் நிலைக்கு வந்தது. எக்காளக் குரல் தரும் குழல்கள் மட்டும் மூங்கிலில் சரிப்படவில்லை. மூன்று வருடம் கழித்து, 1824இல், அவற்றை உலோகத்தில் செய்து வேலையை முடித்தார். இன்றைக்கு அந்த ஆர்கனில் இருக்கும் உலோகக் குழல்கள் 129. மூங்கிலுக்கு வராததை அதனிடம் வற்புறுத்திக் கேட்கவில்லை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

குழலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் பழுதுபார்ப்பவரின் பாடு புரியும். ஆர்கன் குழலின் பாகங்களுக்கு உடம்பின் பெயர்களையே வைத்திருக்கிறார்கள்: பாதம், உடல், வாய், மேலுதடு, கீழுதடு. சில குழல்களுக்குக் காதுகூட உண்டு. எக்காளக் குழல்களுக்கு நாக்கு. பாதத்தின் அடி ஓட்டை வழியாகக் காற்று ஏறுகிறது. வாயருகில் ஒரு மெல்லிய கீற்று; அதன் வழியே காற்று ஒரு தாளைப்போல வெளியே வந்து மேலுதட்டின் விளிம்பில் மோதுகிறது. அந்தக் காற்றுத்தாள் ஒரு தரம் உதட்டுக்கு உள்ளே, ஒரு தரம் வெளியே என்று ஆடத் தொடங்குகிறது. எவ்வளவு விரைவாக ஆட வேண்டும் என்று அதற்குச் சொல்வது யார்? குழலுக்குள் சும்மா நிற்கிற காற்றுதான். நெட்டைக் குழலின் காற்று நிதானமானது. குட்டைக் குழலின் காற்று அவசரக்காரன். எட்டடி நீளமுள்ள திறந்த குழலில் வினாடிக்குச் சுமார் 65 அதிர்வு. நீளத்தைப் பாதியாக்கினால் ஒரு ஸ்தாயி மேலே ஏறும். இப்படிப் பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போய், உச்சிச் சுரங்களின் குழல்கள் பென்சில் அளவுக்கு வந்து நிற்கும். திறந்த முனையை அடைத்துவிட்டால் அதே குழல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கிப் பாடும், குரலும் கம்மலாகிவிடும். மூங்கிலுக்கு அந்த மூடியும் கணு என்ற பெயரில் பிறவியிலேயே இருக்கிறது.

மிருதங்கம் பேசுகிறது என்கிறோம். ஆர்கன்காரர்களும் குழல் பேசுகிறது என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அதிர்ந்து பேசுவது குழலின் சுவரல்ல, உள்ளே நிற்கும் காற்று. சுவரின் வேலை அந்தக் காற்றுக்கு ஓர் உருவம் கொடுத்துவிட்டு அசையாமல் நிற்பது. தொடக்க நூலில் ஆண்டவர் மண்ணால் மனிதனைச் செய்து நாசியில் உயிர்மூச்சை ஊதுகிறார். குழல் செய்பவர்கள் அந்தப் பக்கத்தை நம்மைவிடக் கூர்ந்து வாசித்திருப்பார்கள் என்று தோன்றுகிறது.

மூச்சு என்று சொன்னேன், புயல் என்று எண்ணிவிட வேண்டாம். பழைய ஆர்கன்கள் பலவற்றில் காற்றின் அழுத்தம் ஏழெட்டு சென்டிமீட்டர் தண்ணீரைத் தாங்கும் அளவுதான். ஒரு டம்ளர் தண்ணீரில் விரல் நீளத்துக்கு ஸ்ட்ராவை முக்கி ஊதிக் குமிழி விட்டுப் பாருங்கள். கோவிலின் கல்தூண்களை அதிரவைக்கிற ஆர்கனுக்கு அவ்வளவு மூச்சு போதும். அதனால்தான் சின்னக் கசிவும் பெரிய விஷயமாகிறது. துருத்தியின் ஆட்டுத்தோல் சில பத்தாண்டுகளில் வறண்டு மடிப்பில் வெடிக்கும். காற்றுப்பெட்டியின் பலகை ஒரு மழைக்காலத்தில் உப்பும், ஒரு கோடையில் சுருங்கி மூட்டு விடும். குழலின் உடம்பில் மயிரிழை விரிசல் விழும். புல்லாங்குழல் வாசிப்பவர்களைக் கேட்டால் தெரியும்: கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று விழுந்தால் குழல் அன்றைக்கு ஊமை. விரிசல் விழாமலிருக்க நூல் சுற்றி வைப்பவர்கள் உண்டு. லாஸ் பின்யாசில் இந்தக் கவலையை 902ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

போதாததற்குப் பிலிப்பைன்ஸ் நிலநடுக்கமும் சூறாவளியும் மாறி மாறி வருகிற தேசம். இரண்டும் கோவிலையும் ஆர்கனையும் பலமுறை பதம் பார்த்தன. ஆர்கனின் முதல் பழுதுபார்ப்பாளர் செராவேதான். 1832இல் அவர் காலமானார். பிறகு அரைகுறைப் பழுதுபார்ப்புகளும் நீண்ட மௌனமுமாகக் காலம் ஓடியது. மூங்கில் ஆர்கனைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள், முழுக்குரலில் கேட்கத்தான் வழியில்லை.

1973இல் அதைக் கழற்றிப் பொதிந்து ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். பான் நகரில் 1882 முதல் ஆர்கன் கட்டிவரும் கிளைஸ் நிறுவனம் வேலையை ஏற்றிருந்தது. ஆனால் மணிலா விரிகுடாவின் ஈரக்காற்றில் நூற்றைம்பது வருடம் கிடந்த மூங்கிலை ரைன் நதிக்கரையின் குளிர்காலத்தில் கொண்டுபோய் வைத்தால் என்னவாகும்? குளிருக்காகச் சூடேற்றிய அறையின் காற்றில் ஈரம் இருக்காது. மூங்கிலின் உடம்பிலிருக்கும் ஈரத்தை அது உறிஞ்சிவிடும். ஈரம் போனால் மூங்கில் நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது, சுற்றளவில் சுருங்கும். சுற்றளவு சுருங்க இடமில்லாதபோது நார் வாக்கில் 'டப்'பென்று வெடிக்கும். ஆகவே அந்தப் பட்டறைக்குள் ஓர் அறையைப் பிலிப்பைன்ஸாக மாற்றினார்கள். வெளியே ஜெர்மானியக் குளிர், உள்ளே வெப்பமண்டலத்துப் புழுக்கம். நோயாளிக்குத் துணையாக அவன் ஊரின் காற்றையே கூட்டிக்கொண்டு போனதுபோல. தேர்ந்த கைகளும் நல்ல உளிகளும் எத்தனையோ பட்டறைகளில் உண்டு; பழுதுபார்க்கும் கலையின் மரியாதை எனக்கு இந்த அறையில்தான் தெரிகிறது. மூங்கிலை நம் சௌகரியத்துக்குப் பழக்குவதைவிட நம் சௌகரியத்தை விட்டுக்கொடுப்பது மேல் என்று யாரோ அங்கே முடிவெடுத்திருக்கிறார்.

அதே காலகட்டத்தில் கட்டடக் கலைஞர் பிரான்சிஸ்கோ மன்யோசாவும் அவருடைய கூட்டாளியும் கோவிலைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். 1975இல் ஆர்கன் வீடு திரும்பியது.

சுருதி சேர்ப்பதைப் பற்றிச் சொல்லாமல் போனால் குறையாகிவிடும். அது இரண்டு பேர் வேலை. ஒருவர் கட்டைகளுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்ன சுரத்தைச் சொன்னபடி அழுத்திப் பிடித்திருப்பார். மற்றவர் அலமாரிக்குள், குழல்களின் நடுவே. ஒத்துப்போக வேண்டிய இரண்டு குழல்களைச் சேர்ந்து பேசவிடுவார்கள். ஒன்று 440 அதிர்வு, இன்னொன்று 442 என்றால் வினாடிக்கு இரண்டு தரம் ஒலி பொங்கி அடங்கும்: வவ், வவ், வவ். இடைவெளி நெருங்க நெருங்க அந்த அலை நீளும். வவ்வ்... வவ்வ்வ்... பிறகு ஒரு கணத்தில் அலை நின்றுபோய் இரண்டு குழலும் ஒரே குழலாகிவிடும். அந்தக் கணத்தை எந்தக் கருவியும் இல்லாமல் பிடிக்கிற காதைச் செய்தவரையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் சரிசெய்தவர் உடனே கிளம்பிவிட முடியாது. கையால் பிடித்ததில் குழல் லேசாகச் சூடேறியிருக்கும். சூடேறினால் உள்ளிருக்கும் காற்றில் ஒலி வேகமாக ஓடும். வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால் வினாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் வேகம் கூடுகிறது. சுருதியும் கூடவே ஏறுகிறது. 20 டிகிரியில் 440 பாடிய குழல் 30 டிகிரியில் 447ஐத் தாண்டிவிடும். நாக்கு வைத்த எக்காளக் குழல்களோ அவ்வளவாக ஏறாது. கோவிலில் கூட்டம் சேர்ந்து புழுக்கம் ஏறியதும் இரண்டு வகைக் குழல்களுக்கும் மனஸ்தாபம் வந்துவிடுகிறது. எனவே உள்ளே நிற்பவர் குழலைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்து, விலகி நின்று, அவர் உடம்புச் சூட்டைக் குழல் மறக்கும்வரை காத்திருந்து, பிறகு மறுபடி கேட்பார். ஒரு குழலுக்கு இவ்வளவு. பாரிஸின் நோத்ர தாம் பேராலயம் 2019 ஏப்ரல் 15 அன்று எரிந்தபோது ஏறக்குறைய 8,000 குழல்கள் கொண்ட அதன் பெரிய ஆர்கன் எரியாமல் தப்பியது. உருகிய கூரையின் ஈயத்தூள் மட்டும் அதன்மேல் படிந்துவிட்டது. கழற்றித் துடைத்து மறுபடி பூட்டிய பிறகு, குழல் குழலாகக் குரல் சேர்க்கும் வேலையை மாதக்கணக்கில் இரவுகளில்தான் செய்தார்கள். பகலில் கட்டட வேலைச் சத்தம். குழல் பேசுவது கேட்க வேண்டுமானால் கோவில் வாய்மூட வேண்டும். 2024 டிசம்பர் 7 அன்று அந்த ஆர்கன் மறுபடி பாடியது.

பழுதுபார்ப்பதே பழுதாகிற கதையும் உண்டு. வட ஜெர்மனியில் லூபெக் நகரத்துப் புனித யாக்கோபு கோவிலில் ஸ்டெல்வாகன் என்று பெயர்கொண்ட 17ஆம் நூற்றாண்டு ஆர்கனில் ஈயக் குழல்களின் பாதங்கள் வெள்ளைத்தூளாக உதிர்ந்துகொண்டிருந்தன. ஆராய்ந்தபோது குற்றவாளி ஓக் மரம். அதிலிருந்து வினிகரின் அமிலம் ஆவியாகக் கசிந்து, காற்றுப்பெட்டிக்குள் அடைந்து, ஈயத்தை அரிக்கிறது. புதுப் பலகையில் இந்தக் கசிவு அதிகம். நல்ல எண்ணத்தோடு புதுப் பலகை போட்டு, காற்று புகாமல் அடைத்து வைத்தால், நூற்றாண்டுகள் தாங்கிய குழலுக்கு அதுவே வினையாகலாம். மரமும் உலோகமும் மூச்சும் ஒரே வீட்டில் குடியிருந்தால் இப்படித்தான். மாமியார் மருமகள் சமாசாரம் தெரிந்தவர்தான் பஞ்சாயத்துக்குப் போக வேண்டும்.

லாஸ் பின்யாஸ் ஆர்கன் இனி பழுதுபார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 1994இல் அந்த ஊரிலேயே ஓர் ஆர்கன் பட்டறை தொடங்கிவிட்டது, பழைய சாமியாரின் பெயரில்: தியேகோ செரா ஆர்கன்பில்டர்ஸ். 2003இல் பிலிப்பைன்ஸ் அரசு மூங்கில் ஆர்கனைத் தேசியப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. அதை ஒட்டி நடந்த அடுத்த பெரிய பழுதுபார்ப்பை ஏற்றதும் இந்தப் பட்டறைதான். முன்பு கடல்கடந்து போன குழல்கள் இந்த முறை ஊரைத் தாண்டவில்லை. ஊர்க்காற்றை வேறொரு அறைக்குள் செய்து வைக்கும் சிரமமும் இல்லை. சன்னலைத் திறந்தால் போதும்.

எங்கள் ஊர் ஆர்மோனியத்தை நினைத்தால்தான் கொஞ்சம் சங்கடம். உபதேசியாருக்குப் பிறகு அதைத் திறந்து பார்க்க ஆளில்லை. கீபோர்டு வாங்கினார்கள். அதைக் குறை சொல்லவில்லை. பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. ஆர்மோனியம் பீடத்துக்குப் பின்னாலுள்ள அறையில் மெழுகுவர்த்திப் பெட்டிகளுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது, கடைசியாக நான் பார்த்தபோது. துருத்தியை இழுத்துப் பார்த்தேன். எலி கடித்த ஓட்டை வழியாகக் காற்று என் மணிக்கட்டில் பட்டது.

லாஸ் பின்யாசில் 1976 முதல் ஆண்டுதோறும் மூங்கில் ஆர்கன் விழா நடக்கிறது. உலகின் பல மூலைகளிலிருந்து வாசிப்பவர்கள் வருகிறார்கள். அந்த ஆர்கனில் பெரியவர்களைவிடக் குழந்தைகள் காத்திருந்து கேட்கும் ஒரு விசை உண்டு. பெயர் பஹாரித்தோஸ்; ஸ்பானிய மொழியில் சின்னக் குருவிகள் என்று அர்த்தம். ஸ்பானிய ஆர்கன்காரர்களின் பழைய விளையாட்டு இது. சிறு குழல்களின் திறந்த முனையைத் தண்ணீரில் படும்படி வைத்து ஊதுவார்கள். காற்று தண்ணீரைக் குலைக்க, தண்ணீர் காற்றை மறிக்க, சுரம் நிலைகொள்ளாமல் தத்தித் தத்திக் கீச்சிடும். கண்ணை மூடிக்கொண்டால் கூரையில் குருவிக்கூடு இருப்பதாகவே தோன்றும்.

இந்தக் குருவிகளுக்குப் பெரிய வைத்தியம் ஒன்றும் தேவையில்லை. வெயில் நாட்களில் கிண்ணத்துத் தண்ணீர் வற்றிவிடும். யாராவது ஒருவர் ஏறிப்போய் ஊற்ற வேண்டும்.